சிக்கனம் சாரதியின் பாதத்தில்

2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றரொன்றின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த கியூஆர் பங்கீட்டின் ஆரம்பத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரமொன்றுக்கு 5 லீற்றர் மாத்திரமே கிடைத்தது. அந்நாட்களில் சிக்கனமாக வாகனம் செலுத்தப் பழகிய சாரதிகள் பலர், வரிசைகள் மறைந்ததும் பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டதை நாம் காண்கின்றோம்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அதிகரிக்கின்றது. மணிக்கு 80 கிலோமீற்றரில் செல்லும் வாகனம் 100 கிலோமீற்றரை எட்டும்போது அத்தடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நகர வீதிகளிலோ நட்டம் வேறு வகையானது. தூரத்தில் சிவப்புச் சமிக்ஞை தெரிந்த பின்னரும் விரைந்து சென்று பிறேக் பிடிப்பவர், பணம் கொடுத்துப் பெற்ற வேகத்தை வெறும் வெப்பமாக்கி வீசுகின்றார்.

கடுகண்ணாவை, றம்பொடை போன்ற இறக்கங்களில் வாகனத்தை நியூட்ரலில் ஓடவிடுவது சிக்கனமென்ற எண்ணம் இன்னும் நிலவுகின்றது. பழைய காபரேட்டர் வாகனங்களோடு வந்த பழக்கம் இது. எரிபொருளை இலத்திரனியல் முறையில் உட்செலுத்தும் இன்றைய இயந்திரங்களில், கியரில் வைத்துப் பாதத்தை எடுத்தாலே எரிபொருள் பெரும்பாலும் துண்டிக்கப்படுகின்றது. சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ இயந்திரம் தன்னை இயக்கிக்கொள்ளவே எரிபொருளைக் குடிக்கும். அத்துடன் இயந்திரத்தின் பிடி அற்றுப்போவதால் முழுச் சுமையும் பிறேக்கில் விழுகின்றது. நீண்ட இறக்கத்தில் அது சூடேறிச் செயலிழந்தால் இழப்பது பெற்றோலை மாத்திரமல்ல, பயணிகளின் உயிர்களையுமாகும்.