பெயர் கிடைத்த காய்ச்சல்

1976 ஜூலை. அமெரிக்கா தன் 200வது பிறந்தநாளைக் கொண்டாடி முடித்திருந்த சமயம். ஃபிலடெல்ஃபியா நகரின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில், 21 முதல் 24 வரை ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் பென்சில்வேனியா கிளை மாநாடு நடந்தது. எல்லாரும் ஊர் திரும்பினார்கள். சில நாட்களிலேயே சாவுச் செய்திகள் வர ஆரம்பித்தன. கடும் காய்ச்சல், இருமல், நிமோனியா. கடைசிக் கணக்கில் 221 பேருக்கு நோய், 34 பேர் இறப்பு. அதில் சிலர் ஹோட்டலுக்குள் காலே வைக்காதவர்கள். வாசலில் தெருவோடு நடந்து போனவர்கள், அவ்வளவுதான்.

அந்த பிப்ரவரியில்தான் ஒரு ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சலால் ஒரு சிப்பாய் இறந்திருந்தார். ‘அதுதான் வந்துடுச்சு’ என்று நாடே நடுங்கியது. அது இல்லை. நிக்கல் நச்சா? அதுவும் இல்லை. மாதங்கள் போயின. அட்லாண்டாவின் நோய்த் தடுப்பு மையத்தை எல்லாரும் வறுத்தெடுத்தார்கள். ஆள் வராமல் நவம்பரில் ஹோட்டலை மூடினார்கள்.

அந்த மையத்தில் ஜோசஃப் மெக்டேட் என்றொரு ஆய்வாளர். இறந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆகஸ்டிலேயே கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தவர். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் தெரிந்தன. வெளியிலிருந்து கலந்த அழுக்காக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் மனசு ஆறவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதே ஸ்லைடுகளை மறுபடி எடுத்தார். ஓரிடத்தில் அந்தக் குச்சிகள் கூட்டமாக இருந்தன. முட்டையில் வளர்த்து, பிழைத்தவர்களின் ரத்தத்தோடு சோதித்தார். பொருந்தியது. 1977 ஜனவரி 18 அன்று உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு அதற்கு லீஜியோனெல்லா நியூமோஃபிலா என்று பெயர் வைத்தார்கள்.

இது தண்ணீரில் வாழும் கிருமி. ஆறு, குளங்களில் அமீபாவுக்குள் புகுந்து பெருகும். அங்கே பெரிய தொல்லை இல்லை. நாம் பெரிய கட்டடம் கட்டி, ஏசிக்குக் குளிர்கோபுரம் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தேக்கும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். ஷவரிலோ கோபுரத்திலோ கிளம்பும் நுண்துளியை நாம் மூச்சில் இழுக்கிறோம். நுரையீரலில் கிருமிகளை விழுங்கிக் கொல்லும் செல்கள் இருக்கின்றன. அமீபாவுக்குள் வாழ்ந்து பழகியதற்கு இந்தச் செல்லும் ஒரு வீடுதான். உள்ளே உட்கார்ந்து பெருகும். பெனிசிலின் வகை மருந்துகள் பலிக்காதது இதனால்தான், அவை செல்லுக்குள் சரியாக நுழைவதில்லை. எரித்ரோமைசின் நுழைந்தது. நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு இது பரவுவதில்லை என்பதே பொதுவான அனுபவம்.

விஷயம் இதோடு முடியவில்லை. கிருமி கையில் கிடைத்ததும், விடை தெரியாமல் எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தார்கள். 1968இல் மிச்சிகனின் பாண்டியாக் நகரில், சுகாதாரத்துறைக் கட்டடத்திலேயே 144 பேரைப் படுக்கப்போட்ட மர்மக் காய்ச்சல்: இதே கிருமி. 1965இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 81 பேருக்கு வந்த நிமோனியா: அதுவும் இதே கிருமி.

யோசிச்சுப் பாருங்க. அந்த மனநல மருத்துவமனையில் 14 பேர் செத்துப்போனார்கள். அப்போதும் விசாரித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், விடை கிடைக்கவில்லை என்றதும் பத்திரப்படுத்திவிட்டு நகர்ந்தார்கள். நாடே கூச்சல் போடவில்லை. படைவீரர்கள் செத்தபோது போட்டது. அந்த அழுத்தம்தான் ஒருவரை விடுமுறை நாளில் பழைய ஸ்லைடிடம் திரும்ப இழுத்தது.

நோய்க்கு லீஜன்காரர்களின் பெயர் நிலைத்துவிட்டது. 11 வருஷம் முன்னால் அதே கிருமியால் இறந்தவர்கள், எடுத்து வைத்த ரத்தக் குப்பிகளாகக் காத்திருந்தார்கள்.