பிஎச்பி 6 எங்கே போச்சு?

2024 நவம்பரில் பிஎச்பி 8.4 வந்தபோது பேச்செல்லாம் 'ப்ராப்பர்ட்டி ஹூக்ஸ்' பத்தித்தான். கெட்டர், செட்டர் என்று பக்கம் பக்கமாக எழுதியதைச் சில வரிகளில் முடிக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் என் கண்ணில் பட்டது பட்டியலின் ஓரத்தில் கிடந்த ஒரு சின்ன ஃபங்ஷன்: கிராஃபீம்_ஸ்டர்_ஸ்ப்ளிட். ஒரு சொல்லை நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாகப் பிரித்துத் தரும். 'தமிழ்' என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்று கிடைக்கும்.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலை. இதுக்கு ஏன் 2024 வரைக்கும் ஆச்சு? பதில், வராமலே போன பிஎச்பி 6-இல் இருக்கிறது.

சிக்கல் இதுதான். பிஎச்பிக்கு ஸ்ட்ரிங் என்றால் வெறும் பைட்டுகளின் வரிசை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். ஆகவே ஸ்டர்லென் போட்டு நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். முன்னோட்டத்துக்கு முதல் 100 பைட்டை வெட்டினால், 100 மூன்றால் வகுபடாது இல்லையா, பல நேரம் கத்தி ஓர் எழுத்தின் நடுவே விழும். தமிழ்த் தளங்களில் வரிக் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அது இதன் வேலைதான்.

இதை வேரோடு சரிசெய்யத்தான் 2005 வாக்கில் பிஎச்பி 6 வேலை ஆரம்பமானது. முன்னின்று நடத்தியவர் ஆண்ட்ரே ஸ்மியெவ்ஸ்கி. ஐசியு லைப்ரரியின் துணையோடு மொழியின் உள்ளே யூனிகோட் ஸ்ட்ரிங் எல்லாம் யூடிஎஃப்-16 ஆக இருக்க வேண்டும் என்பது திட்டம். தமிழுக்கு அதில் லாபமும் உண்டு: குறியீட்டுக்கு 3 பைட் போய் 2 ஆகும். ஆனால் ஆங்கிலத்துக்கு நினைவகம் இரட்டிப்பு. பிரவுசரிலிருந்தும் டேட்டாபேஸிலிருந்தும் வருவதையெல்லாம் உள்ளே மாற்றி, வெளியே அனுப்பும்போது திருப்பி மாற்றவும் வேண்டும். ஏற்கெனவே இருந்த ஏராளமான ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திருத்தியாகணும். ஆட்களும் சோர்ந்துபோனார்கள். அதற்காகச் சேர்த்துவைத்திருந்த நேம்ஸ்பேஸ் போன்ற வசதிகள் காத்திருக்க முடியாமல் 2009 ஜூனில் 5.3-ஆக வெளியே வந்துவிட்டன. 2010 மார்ச்சில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அட்டையில் 'பிஎச்பி 6' என்று போட்ட புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன! 2014-இல் அடுத்த பதிப்புக்கு என்ன எண் என்று ஓட்டெடுப்பே நடத்தி, குழப்பம் வேண்டாம் என 6-ஐத் தாண்டிப் போனார்கள். 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தது. வேகம் எகிறியது, ஸ்ட்ரிங் மட்டும் பழைய பைட் வரிசைதான்.

இதே காலத்தில் பைத்தான் எதிர்த் திசையில் போனது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, பழைய நிரல்கள் உடைந்தாலும் பரவாயில்லை என்று ஸ்ட்ரிங்கை யூனிகோடாக்கியது. பைத்தான் 2-க்கான ஆதரவு முடிய 2020 ஜனவரி 1 வரை ஆனது. அத்தனை பாடுபட்டும் அங்கே 'தமிழ்' நீளம் 5. திருப்பிப்போட்டால் புள்ளி முதலில் வந்து அநாதையாக நிற்கும்.

அதனால் பிஎச்பிகாரர்கள் கைவிட்டது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. யூடிஎஃப்-16 வந்திருந்தாலும் நம் எழுத்துக் கணக்கு தானாகச் சரியாகியிருக்காது. வருத்தம், அதற்கப்புறம் நம்மைப் போன்ற மொழிகளுக்கானது தவணை தவணையாக வந்ததில்தான். எழுத்துகளை எண்ணும் கிராஃபீம்_ஸ்டர்லென், இன்டில் எக்ஸ்டென்ஷனோடு 5.3-இலேயே வந்துவிட்டது. குறியீடு குறியீடாகப் பிரிக்கும் எம்பி_ஸ்டர்_ஸ்ப்ளிட் 2019-இல், 7.4-இல். எழுத்தாகப் பிரிக்க 8.4. நடுவில் ரெகுலர் எக்ஸ்ப்ரஷனை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். 8.4-இல் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் எம்பி_யூசிஃபர்ஸ்ட்டும் உண்டு, நமக்குத்தான் பெரிய எழுத்தே கிடையாதே!

புதுசைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒன்று. 'பக்ஷி' என்று கொடுத்தால் ப, க், ஷி என மூன்றாக வரும். யூனிகோட் விதிப்படி தமிழில் க்-உம் ஷ-வும் தனித்தனி. ஒரே எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் இன்னும் நாமே நாலு வரி எழுதிக்கணும்.