வரைபடம் யாரிட்ட இருக்கு?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில்தான் எங்களுக்கு ஒரு நகரம் தொலைந்துபோனது. நிஜ நகரம் இல்லை. 2020 லொக்டவுனில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர், 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாடத் தொடங்கி, ஒன்றரை வருசமாக இணையத்தில் கட்டிய ஒரு கற்பனைத் துறைமுக நகரம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடுவர் இடத்தை விபரிப்பார், மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள், நிச்சயமில்லாத இடங்களில் பகடை முடிவு சொல்லும். கதை நடக்க ஒரு இடம் வேணும், இடத்துக்கு ஒரு வரைபடம் வேணும்.

எங்கட நகரத்தை நாங்கள் சந்தா கட்டும் ஒரு வரைபடத் தளத்தில் கீறி வைத்திருந்தோம். சந்தா டொலரில். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. நாங்கள் பாவித்த கார்ட்டும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வேலை செய்யவில்லை. சந்தா நின்றதோடு நகரமும் பூட்டுப்பட்டது. எட்டிப் பார்க்கலாம், திருத்த ஏலாது, தெளிவான பிரதியாகத் தரவிறக்கவும் ஏலாது.

அடுத்ததாக எந்த மென்பொருளுக்குப் போவது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "எது வடிவா இருக்கும்?" என்றுதான் தொடங்கினோம். இந்த வரைபடங்களின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு, அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருப்பது விளங்கியது. வரைபடம் யாரிட்ட இருக்கு?

பிரஷ்யாவின் மேசை

கதை ஒரு அரச மாளிகையில் தொடங்குகிறது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு, மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மலை, ஆறு, கிராமம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். மாற்றி மாற்றி அடுக்கினால் புதுப் புது நிலம். விலைகூடிய சாமான், தூக்கிக்கொண்டு திரியவும் ஏலாது.

1824இல் அவருடைய மகன், ஒரு பீரங்கிப்படை அதிகாரி, அதை மாற்றினார். மேசைக்குப் பதிலாக 1:8000 அளவில் கீறிய கடதாசி வரைபடம். அதைவிடப் பெரிய மாற்றம், நடுவர். இரண்டு பக்கத்தவரும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரியின் படை உங்கள் படையின் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்துக்கு வந்தால் மட்டும்தான் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். முழுப் படத்தையும் தெரிந்தவர் ஒருவர், மற்றவர்களுக்கு அரைகுறைப் பார்வை. இன்றைக்கு நாங்கள் திரையில் காணும் 'மூடுபனி' வசதியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது படை அதிகாரிகளைப் பழக்குவதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. கோடு கீறுகிறவர் ஒருவர், கோட்டுக்குள் அகப்படுகிறவர் இன்னொருவர் என்பது எங்கட ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விசயம் இல்லை.

அந்த நடுவர் அமெரிக்காவுக்கும் போனார். 1880இல் சார்ள்ஸ் டொட்டன் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி 'ஸ்ட்ரடெகோஸ்' என்ற போர் விளையாட்டு நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 90 வருசம் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அந்த நூலைப் படித்து, 1969இல் 'ப்ரவுன்ஸ்டைன்' என்ற விளையாட்டை நடத்தினார். அதில் படைத்தளபதிகள் மட்டும் இல்லை, ஊருக்குள் இருக்கும் தனிமனிதர்களும் பாத்திரங்கள். அதை விளையாடிய டேவ் ஆர்னிசன், 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டையும், அதன் கோட்டைக்குக் கீழே போகும் சுரங்க அறைகளையும் உருவாக்கினார். ஆர்னிசனும் கேரி கைகக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'.

சதுரக் கோட்டுத் தாளும் பென்சிலும்

அந்த முதல் பதிப்பில் இரண்டு வகை வரைபடம் பாவிக்கச் சொல்லியிருந்தார்கள். காடு மேடு திரிவதற்கு, 1972இல் அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு விளையாட்டின் அறுகோணப் பலகை. கையில் இருக்கிறதை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்! நிலத்தடி அறைகளுக்கு, நடுவர் தானே சதுரக் கோட்டுத் தாளில் கீறவேண்டும்.

ஆனால் அந்தத் தாளை நடுவர் யாருக்கும் காட்டமாட்டார். "வடக்கே முப்பதடி நடை, பிறகு கிழக்கே திரும்புது" என்று வாயால் சொல்லுவார். விளையாடுபவர்களில் ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டுத் தன்னுடைய தாளில் கீறுவார். 1981இல் டொம் மோல்ட்வே திருத்திய அடிப்படை விதிப் புத்தகத்திலும் இந்த வரைபடக்காரருக்கு ஒரு பொறுப்பாக இடம் உண்டு. அவர் பிழையாகக் கீறினால் முழுக் குழுவும் வழி தவறும். கண்ணுக்குத் தெரியாத சரிவுப் பாதைகளையும் இரகசியக் கதவுகளையும் நடுவர்கள் வைத்ததற்கு ஒரு காரணமே, இந்த வரைபடக்காரரைக் குழப்புவதுதான்.

ஆக, ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடம் இருந்தது. ஒன்று நடுவருடையது, சரியானது. மற்றது விளையாடுபவர்களுடையது, பிழைகள் நிறைந்தது, ஆனால் அவர்களுக்கே சொந்தமானது.

கணினிக்கு வந்த பிறகு

1993இல் பிரித்தானியாவின் புரோஃபன்ரசி நிறுவனம் 'கம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. பொறியியல் படம் கீறும் 'ஃபாஸ்ட்கேட்' மென்பொருளின் மேல் கட்டியது அது. துல்லியம் கூட, பழகுவது கஷ்டம். வரைபடம் கீறுவது மெல்ல மெல்ல ஒரு தனித் திறமையாக மாறியது. 2000இல் வந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' மூன்றாம் பதிப்பின் சண்டை விதிகள் ஐந்தடிச் சதுரங்களை வைத்துத்தான் நகர்ந்தன. சண்டைக்குச் சதுரம் போட்ட படம் மேசையில் இருப்பது வழக்கமானது. எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கும்போது, கேட்டுக் கீறும் ஆளுக்கு வேலை குறைந்தது.

2004இல் 'ஃபன்ரசி கிரவுண்ட்ஸ்', 2012இல் உலாவியிலேயே இயங்கும் 'ரோல்20' என்று மேசையே இணையத்துக்குப் போனது. நடுவர் படத்தை ஏற்றுவார், மூடுபனியைத் துண்டு துண்டாக விலக்குவார். எங்களைப் போல வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து விளையாட முடிந்தது இதனால்தான், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் விளையாடுபவரின் பென்சில் பெரும்பாலும் நடுவரின் கைக்குப் போனது. பிறகு படமே நிறுவனத்தின் சேவருக்குப் போனது. எங்கட நகரம் தொலைந்தது இந்த இரண்டாவது இடத்தில்.

நாங்கள் தெரிவு செய்த விதம்

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஒவ்வொரு கருவியிடமும் மூன்று கேள்வி கேட்டோம்.

முதலாவது, லைன் இல்லாட்டியும் திறக்குமா? 'டன்ஜன்ட்ராஃப்ட்', 'வொண்டர்ட்ராஃப்ட்' இரண்டும் ஒருமுறை காசு கட்டி வாங்கி, சொந்தக் கணினியில் பாவிப்பவை. முதலாவது அறைகளுக்கும் சண்டைக் களங்களுக்கும், இரண்டாவது நாடு, கண்டம் போன்ற பெரிய படங்களுக்கும் நல்லம். 'இன்கார்னேட்' உலாவியில் இயங்குவது. பழக லேசு, படமும் வடிவு, ஆனால் முழு வசதிக்குச் சந்தா வேணும்.

இரண்டாவது, காசு நின்றால் வரைபடத்தோடு வெளியே வரலாமா? 'டன்ஜன்ட்ராஃப்ட்' படத்தை மட்டுமில்லாமல், சுவர், கதவு, வெளிச்சம் பற்றிய தகவல்களையும் சேர்த்து ஒரு பொதுக் கோப்பாகத் தரும். அதை 'ஃபவுண்ட்ரி' போன்ற வேறு மேசைகளில் ஏற்றலாம். 2020இல் வந்த 'ஃபவுண்ட்ரி'யில் நடுவர் மட்டும் ஒருமுறை வாங்கினால் போதும், தரவும் அவருடைய கணினியிலேயே இருக்கும். காசே இல்லையென்றால் 'டன்ஜன் ஸ்க்ரோல்' என்ற இலவசத் தளத்தில் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள் கீறலாம். அஸ்கார் என்பவரின் இலவச உலக உருவாக்கி, முழுக் கண்டத்தையும் தானே உருவாக்கி, கோப்பாகச் சேமிக்கவும் விடும்.

மூன்றாவது, டேட்டா தாங்குமா? 30க்கு 20 சதுரம் உள்ள ஒரு படத்தை, சதுரத்துக்கு 70 புள்ளி என்று எடுத்தால் 2100 × 1400 புள்ளி வரும். 140 என்று எடுத்தால் 4200 × 2800, அதாவது நாலு மடங்கு. ஃபோனில் டேட்டா போட்டு விளையாடும் ஒருவருக்கு அந்த நாலு மடங்கு பெரிய விசயம். நாங்கள் 70இலேயே நிற்கிறோம்.

கடைசியில் தெரிவு செய்தது, கீறுவதற்கு 'டன்ஜன் ஸ்க்ரோல்', விளையாடுவதற்கு இலவசமான 'அவுல்பியர் ரோடியோ'. எல்லாப் படத்தையும் ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். யாராவது ஒருவரிடம் மிஞ்சும்.

தொலைந்த நகரத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மின்வெட்டு நாட்களில் திரை இல்லாமல், ஃபோனில் குரல் மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் சில இரவுகள் விளையாடினோம். எங்களில் ஒருவன் மெழுகுதிரி வெளிச்சத்தில் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில், காதில் விழுந்ததைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறான். 1974இல் அந்த வரைபடக்காரர் செய்த அதே வேலை, அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தக் கொப்பியை வைத்துத்தான் நகரத்தைத் திரும்பக் கட்டினோம். வெளிச்சவீடு பிழையான கரையில் இருந்தது, மீன்சந்தை இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது. நாங்கள் திருத்தவில்லை. இப்போது நகரம் அப்படித்தான்.

அவன் இப்போது கனடாவில். எங்களுக்குச் சனிக்கிழமை காலை, அவனுக்கு வெள்ளி இரவு. திரையில் படம் எல்லாருக்கும் தெரிகிறது, ஆனாலும் புது இடம் ஒன்றுக்குள் போகும்போது நடுவர் படத்தை உடனே காட்டுவதில்லை. வாயால் சொல்லுகிறார். "பொறு, பொறு, கிழக்கே எத்தினை அடி எண்டனி?" என்று அவன் கேட்பான். பென்சில் சத்தம் கேட்கும்வரை நாங்கள் பொறுத்திருப்போம்.