ஓல்டு வார்டனில் பழைய விமானங்களைப் படம்பிடித்தல்

மீட்டெடுத்த பழைய சிறுவிமானங்களைப் பறக்கும்போதே படம்பிடிக்க விரும்புவோர் தேடிப் போகும் இடங்களில் முக்கியமானது, இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஓல்டு வார்டன் விமானத்தளம். புல்தரை ஓடுபாதை கொண்ட இத்தளத்தில்தான் ஷட்டில்வொர்த் பழைய விமானத் தொகுப்பு இருக்கிறது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1940இல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். அவர் நினைவாக அவருடைய தாய் 1944இல் அறக்கட்டளை நிறுவினார்.

இங்கே படமெடுப்பவரின் முதல் கவலை புரொப்பெல்லர். ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு மேல் வைத்தால் படம் துல்லியமாக விழும். டைகர் மாத் விமானத்தை அப்படி எடுத்தால் புரொப்பெல்லர் அசையாமல் நின்று, இன்ஜின் செத்துப்போன விமானம் அந்தரத்தில் தொங்குவதாகத் தோன்றும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று கொண்டால், 1/1000 நொடியில் புரொப்பெல்லர் திரும்புவது 12 பாகைதான். 1/125இல் ஏறத்தாழ 96 பாகை. இரண்டு அலகும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் 1/60 வரை இறங்க வேண்டும். அந்த வேகத்தில் கையும் ஆடும், விமானமும் நகரும். எனவே இடுப்பிலிருந்து திரும்பி, விமானத்தின் வேகத்துக்கே லென்ஸைக் கொண்டுசெல்லும் பேனிங் பழக்கம் வேண்டும். பத்தில் ஒன்று தேறினாலே நல்ல அறுவடை.

ஆவ்ரோ 504கே, சாப்வித் பப் போன்ற முதல் உலகப்போர்க் கால விமானங்களில் சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுழலும். சுற்று வேகம் குறைவு என்பதால், ஷட்டரை இன்னும் மெதுவாக வைத்தால்தான் அதே விளைவு கிட்டும். இவ்வகை இன்ஜினுக்கு ஊற்றுவது ஆமணக்கெண்ணெய். எரிந்த எண்ணெயின் வாடை பார்வையாளர் வரிசைவரை வரும். லென்ஸ் துடைக்கும் துணி பையில் இருப்பது நல்லது.

வெளிச்சத்தில் ஒரு பொறி உண்டு. வெளுத்த வானத்தைப் பார்த்து கேமரா தானாக அளவெடுத்தால் இறக்கையின் அடிப்பகுதி கரிக்கட்டையாகிவிடும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை வெளிச்ச அளவைக் கூட்டி எடுப்பது வழக்கம். துணி போர்த்திய இறக்கைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் கதை வேறு: உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் எக்ஸ்ரே போலத் தெரியும். அதற்காகவே எதிர்வெயிலில் நிற்பவர்கள் உண்டு.

பார்வையாளர் வரிசை வளைந்திருப்பது இத்தளத்தின் தனி வசதி. விமானங்கள் சாய்ந்து வளைந்து வரும்போது மேற்புறம் முழுவதும் தெரியும். 1934இல் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா பந்தயத்தில் வென்ற சிவப்புநிற டி ஹாவிலண்ட் காமெட் அப்படித் திரும்புவதைத்தான் பலரும் குறிவைக்கிறார்கள்.

1909இல் கட்டிய பிளேரியோ போன்ற மிகப் பழையவை காற்று அடங்கினால் மட்டுமே வெளியே வரும்; அதுவும் பெரும்பாலும் மாலை நிகழ்ச்சியின் முடிவில். பிளேரியோ ஓடுபாதைக்கு மேலேயே சிறு தாவலாகப் பறந்து இறங்கிவிடும் என்பதால் நீண்ட லென்ஸைவிடத் தாழ்ந்து உட்காரும் இடமே முக்கியம். காற்று வீசினால் அன்று அது கொட்டகைக்குள்தான்.