ஊர்வலமும் காவியுடையும்: திருகோணமலைத் துறைமுகம் புகட்டும் பாடம்

திருகோணமலையில் கோணேசர் மலையுச்சியில் நின்று நோக்குபவனுக்கு இவ்வூரின் வரலாறு ஒரே பார்வையில் புலப்பட்டுவிடும். ஒருபுறம் விரிந்த கடல். மறுபுறம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. காலடியில், 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டை. மதமும் பீரங்கியும் கைகோத்தால் என்ன நேரும் என்பதை இக்கோட்டைச் சுவர்கள் எமக்கு நானூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

இத்துறைமுகத்தை யார் ஆண்டார்கள் என்பதைப் பாடநூல்கள் கூறும். அதனை நம்பி யார் உண்டார்கள் என்பதை அவை கூறுவதில்லை. சுமை தூக்கியவரும், கப்பல் பழுது பார்த்தவரும், விடியுமுன் வலை வீசியவரும், சந்தையில் மீன் விற்ற பெண்களும் உண்டார்கள். அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்து மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் முஸ்லிம்கள், 31 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். எந்த ஓர் இனமும் தனித்துப் பெரும்பான்மையாக இல்லாத மண் இது. ஆகவே இங்கே ஓர் இனம் மற்றோர் இனத்தை நோக்கி எழுப்பும் கோஷம் எப்போதும் பக்கத்து வீட்டுக் கதவில்தான் போய் மோதும்.

சென்ற எழுபது ஆண்டுகளாக இம்மக்களின் பெயரால் நடந்த ஊர்வலங்கள் பல. அவர்களைக் காப்பதாகச் சொல்லி வீதிக்கு வந்த காவியுடைகளும் பல. இவற்றால் அவர்கள் பெற்றது என்ன? இக்கேள்வியைக் கேட்கும் நாம் ஊர்வலத்தின் விரோதிகளல்லர். கொடி பிடித்து நடந்தவர்களின் வழிவந்தவர்களே நாம். அதனாலேயே கேட்கும் கடமை எமக்கு அதிகம் உண்டு.

முதலில் 1953ஐ நினைவுகூர்வோம். ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகளின் அழைப்பில் நாடு ஸ்தம்பித்தது. சிங்களவனும் தமிழனும் முஸ்லிமும் ஒரே பசிக்காக எழுந்தனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற ஆங்கிலக் கப்பலொன்றில் அடைக்கலம் புகுந்து கூடவேண்டியதாயிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டு அக்டோபரில் பதவி துறந்தார். எவரும் எந்தத் தேரரிடமும் குருக்களிடமும் ஆசி கேட்டு அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை.

ஆயினும் அந்த எழுச்சியின் அறுவடை யார் வீட்டிற்குப் போயிற்று? மூன்றே ஆண்டுகளில் அந்தக் கோபத்தையெல்லாம் பண்டாரநாயக்கா மொழியின் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் வீதியை நிறைத்துவிட்டு மறுநாள் கலைந்த கூட்டத்திற்கு, அடுத்து எங்கே போவது என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்கள் மொழியையும் மதத்தையும் கையில் பிடித்து வந்தார்கள்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதனை எதிர்த்து ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்திருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் தொண்டர்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாகத் திருகோணமலை வந்து மாநாடு கூடினர். அதற்குத் 'திருமலை யாத்திரை' என்றே பெயர். அரசியற் கோரிக்கை யாத்திரையின் உடை தரித்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, இந்நகரில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணிவை நாம் மதிக்கின்றோம். அந்த உயிரின் விலையை வாக்குகளாக மாற்றியவர்களின் கணக்கைத்தான் நாம் கேட்கின்றோம்.

1957 ஜூலையில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. குறைபாடுகள் இருந்தபோதிலும் பிரதேச சபைகளுக்கும் தமிழ் மொழிக்கும் அது ஒரு வழி திறந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, பிக்குமார் திரளாக வந்து கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முன்றிலில் அமர்ந்தனர். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுத்தில் தரும்வரை எழ மறுத்தனர். பிரதமர் பணிந்தார். பாராளுமன்றத்தின் வாக்குப் பெற்ற ஒருவரின் சொல்லை, எவருடைய வாக்கும் பெறாதவர்கள் ஒரே பகலில் கிழித்தனர்.

இதே நாட்களில் திருகோணமலைத் தொழிலாளிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1957 அக்டோபரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியன் போனதை நாடு கொண்டாடியது, கொண்டாட வேண்டியதே. ஆனால் தளத்தில் உழைத்த 400 தமிழ்த் தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்களைப் பொலனறுவை மாவட்டத்தில் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. உடனே அங்கே, வருகின்றவர்கள் தமிழர் என்ற ஒரே காரணத்திற்காக அவர்களைத் தடுக்கக் கும்பல்கள் திரண்டன. மே மாதம் இனக்கலவரம் பொலனறுவைப் புகைவண்டி நிலையத்திலேயே வெடித்தது. வேலையிழந்த தொழிலாளி சக தொழிலாளியின் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாளனாகத் தோன்றினான். அவனுக்கு வேலை எங்கே என்று கேட்டு எந்த ஊர்வலமும் கொழும்பில் நடக்கவில்லை. எந்த மதகுருவும் எவர் வீட்டு முன்றிலிலும் உட்காரவில்லை.

மதகுருமாருக்கு அரசியலின் கதவைத் திறந்தவர் யார்? இங்கே நாம் எம்மை நாமே நோக்க வேண்டியவர்களாகின்றோம். 1946இல் வித்தியாலங்காரப் பிரிவெனாவின் பிக்குமார், அரசியலில் ஈடுபடுவது துறவிக்குரிய கடமையே என்று பிரகடனம் செய்தனர். அவர்களுட் பலர் தொழிலாளர் பக்கம் நின்றவர்கள். இடதுசாரிகள் கைதட்டி வரவேற்றனர். துறவியின் சொல்லுக்குத் தனிமதிப்பு உண்டு என்ற எண்ணம் எமக்கு அன்று வசதியாக இருந்தது. பத்தே ஆண்டுகளில் அதே மதிப்பை ஐக்கிய பிக்கு முன்னணி தனிச் சிங்களத்தின் முரசாக்கிக்கொண்டது. 1959 செப்டெம்பரில் காவியுடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கி வெளிப்பட்டது. பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பிக்கு. அச்சதியில் குற்றவாளியெனக் காணப்பட்ட களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்தர், அவரை அரியணையேற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர். கதவு நல்லவனுக்கென்று தனியாகத் திறப்பதில்லை என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

உணர்ந்தோமா? 1961இல் வடக்கு கிழக்குக் கச்சேரிகளின் முன் தமிழர் சத்தியாக்கிரகம் இருந்தனர். திருகோணமலைக் கச்சேரி வாயிலிலும் இருந்தனர். அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அதனைக் கலைத்தன. கோரிக்கை நியாயமானது. ஆனால் அது பெரிதும் கச்சேரியின் மொழியைப் பற்றியதாக இருந்தது. துறைமுகத்துக் கூலியைப் பற்றியதாக இல்லை. பக்கத்தில் நின்ற சிங்களத் தொழிலாளி அதில் தனக்கென ஒரு சொல்லையும் காணவில்லை.

1966 ஜனவரி 8ஆம் திகதி நிகழ்ந்ததை எண்ணும்போது நாம் தலை குனிகின்றோம். தமிழ் மொழிக்கு வடக்கு கிழக்கில் நிர்வாக இடமளிக்கும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் புறப்பட்டது. அதில் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து நடந்தன. பத்தாண்டுகளுக்கு முன் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வேண்டுமெனப் பாராளுமன்றத்தில் வாதாடிய அதே கட்சிகள்! பிரதமரின் வயிற்றில் மசால வடை என்று ஒரு மக்கள் கூட்டத்தின் உணவையே ஏளனமாக்கிய கோஷம் எழுந்தது. பொலிசார் சுட்டதில் தம்பராவே ரத்தனசார என்னும் இளம் பிக்கு மாண்டார். ஒழுங்குவிதிகள் நிறைவேறின, ஆனால் முறையாக நடைமுறைக்கு வரவில்லை. இலாபம் யாருக்கு? 1972இல் பௌத்தத்திற்கு முதன்மை இடமளித்த குடியரசு அரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். வீதியில் விட்டுக்கொடுத்ததைச் சட்டத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மீண்டும் கோணேசர் மலைக்கு வருவோம். 1968இல் உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம், கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். பௌத்த மதகுரு ஒருவர் ஆட்சேபித்துப் பிரதமருக்கு எழுதினார். பிரதமர் டட்லி சேனநாயக்கா குழுவின் பணியை நிறுத்தினார். அமைச்சர் பதவி விலகினார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்திலிருந்து விலகியது. மொழியும் நிலமும் அரைகுறையாய்க் கிடக்க, ஒரு கூட்டாட்சி கோயில் எல்லையில் முறிந்தது. புனித பூமி என்ற சொல்லை ஒரு தரப்பு கையிலெடுத்தால் மறு தரப்பும் அதையே எடுக்கும். அச்சொல்லுக்கு முன் பேரம் இல்லை, சமரசமும் இல்லை.

அதன் அறுவடையை 2005இல் நகரம் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஓரிரவில் சந்தையும் பேருந்து நிலையமும் உள்ள இடத்தில் ஒரு புத்தர் சிலை முளைத்தது. ஆசை துறக்கச் சொன்னவரின் உருவம், முட்கம்பிக்குள் படையினரின் காவலில் அமர்ந்தது. தமிழர் கடையடைத்தனர். நாட்கணக்கில் சந்தை மூடிக் கிடந்தது. சிலை அசையவில்லை. அசைந்தது அன்றாடம் காய்ச்சியின் அடுப்பு. ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்து ஆறு மாதங்கூட ஆகாத காலம் அது. நிவாரணத்தைப் பகிர்வதற்கென ஜூனில் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பை எதிர்த்து ஒருபுறம் பிக்கு உண்ணாவிரதமிருந்தார். மறுபுறம் செங்கொடி பிடித்த ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்குத் தடை விதித்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் படகிழந்தவனின் மதம் என்னவென்று அலை கேட்கவில்லை, அரசியல் கேட்டது. 2025 நவம்பரிலும் இதே நகரின் கடற்கரையில் பொலிசார் இரவில் அகற்றிய புத்தர் சிலை, எழுந்த கூச்சலின் முன் மறுநாளே திரும்பி வந்தது.

அப்படியாயின் ஒடுக்கப்பட்டவன் வீதிக்கு வராமல் வேறெங்கே போவான் என்று எம்மைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீதி அவனுடையதே. ஆனால் வீதி ஒரு கருவி; கருவிக்கு மனச்சாட்சி இல்லை. 1953இல் அரிசிக்காக நிறைந்த அதே கொழும்பு வீதி, 1966இல் அயலானின் மொழிக்கு எதிராகவும் நிறைந்தது. கூட்டத்தின் பருமனைக் கொண்டு கோரிக்கையின் நியாயத்தை அளப்பவன் இரண்டையும் ஒன்றென்றே கொள்வான்.

மதகுருவும் ஒரு பிரசை. வாக்களிக்கவும் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. நாம் மறுப்பது உடைக்குக் கிடைக்கும் தனிச்சலுகையை. அரசியல்வாதியின் தவறை அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். தேரரையோ குருக்களையோ பாதிரியாரையோ மௌலவியையோ எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? அவரை மறுத்துப் பேசியவன் கருத்தை மறுத்தவனாகக் கருதப்படுவதில்லை, தெய்வத்தைப் பழித்தவனாகிவிடுகின்றான். விவாதம் முடியும் இடத்தில்தான் கல் எறிதல் தொடங்குகின்றது.

ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த ஊர்வலம் உங்கள் பள்ளி வாயிலைக் கடந்து போகும் நாளில் கொடியின் நிறத்தைப் பார்த்து ஓடாதீர்கள். இந்தக் கோரிக்கை வென்றால் துறைமுகத்தில் சுமை தூக்கும் மூன்று இனத்தாருக்கும் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். கலைந்த பின் எங்கே கூடுவோம், யார் கணக்குக் காட்டுவார் என்றும் கேளுங்கள். விடை கிடைத்தால் முன்வரிசையிலேயே நடவுங்கள். கிடைக்காவிட்டால், வகுப்பறைக்குத் திரும்பி, வேலையிழந்து பொலனறுவை நோக்கி அனுப்பப்படவிருந்த அந்த 400 பேரின் கதையை ஒரு முறை சொல்லுங்கள்.