லாலி பாய்ந்தது தவறா?

தோற்றுக்கொண்டே இருக்கும் கால்பந்து அணி கோல் வாயிலை அடைத்து நிற்பதா, துணிந்து ஏறி ஆடுவதா என்ற வாதம் மைதானங்களில் ஓய்வதே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியிலும் இதே வாதம்தான் நடந்தது. அங்கே பணயமாக இருந்தது ஓர் ஊர். நாம் பள்ளியில் படித்த தீர்ப்பு சுருக்கமானது: பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே நிதானமாகக் காத்தார், ஊர் பிழைத்தது, பின்னால் வந்த பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் டி லாலி முன்கோபி, கண்மூடிப் பாய்ந்தார், ஊர் அழிந்தது. ஆங்கிலேயர் அந்த ஊரை முற்றுகையிட்ட போக்கை வரிசையாகப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. எளியவன் தற்காப்பதா தாக்குவதா என்பதைக் காலம் யார் பக்கம் என்பதே முடிவு செய்கிறது. 1748-இல் காலம் பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்தது. 1758-இல் அது எதிரி பக்கம் போய்விட்டது. ஆகவே, லாலி பாய்ந்தது சரியே. பாய்ந்த விதத்தில்தான் அவர் தோற்றார்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பெரும்படையோடு வந்தார். நேரே புதுச்சேரிக்குப் போகாமல், தெற்கே அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையில் சிக்கிக்கொண்டார். அங்கே ஆங்கிலப் படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸே பிரெஞ்சுக்காரரிடம் கைதியானார். வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுக்காரர் அந்தக் கோட்டையைத் தகர்த்துவிட்டு ஊருக்குள் பின்வாங்கினார்கள். ஆனால் அதற்குள் எதிரியின் விலைமதிப்பற்ற நாட்கள் கரைந்துவிட்டன. பிறகு வெட்டிய பதுங்குகுழிகள் மதிலுக்கு வெகு தொலைவில் இருந்தன, சதுப்பு நிலம் குறுக்கே நின்றது, மழை இறங்கியது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் அன்றைய பாய்மரக் கப்பல்கள் சோழமண்டலக் கரையில் நிற்க முடியாது. அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையை விட்டுப் போனபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இழந்திருந்தார். டூப்ளேயும் மதிலுக்குள் சும்மா இருக்கவில்லை. வெளியே பாய்ந்து அடித்துத் திரும்பும் சிறு படைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு பாய்ச்சலில்தான் பொறியாளர் பாரடி உயிர்விட்டார். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நாட்களின் பதற்றம் பதிந்திருக்கிறது. டூப்ளே செய்ய வேண்டியதெல்லாம் மழைவரை தாக்குப்பிடிப்பது. அதை அவர் நன்றாகவே செய்தார்.

லாலி 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கியபோது நிலைமை தலைகீழாக இருந்தது. வங்கத்தில் பிரெஞ்சுக்காரரின் தளமான சந்தர்நகர் விழுந்து ஓராண்டு கடந்திருந்தது. பிளாசிப் போருக்குப் பின் வங்கத்தின் வருவாய் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குப் பணமும் ஆளும் கூடும், பிரெஞ்சுக்காரருக்குக் குறையும். இந்த நிலையில் இருப்பவன் காத்திருந்தால் என்ன மிஞ்சும்? லாலி காத்திருக்கவில்லை. கடலூரைப் பிடித்தார்; ஜூன் 2 அன்று தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையும் விழுந்தது. ஒரே மாதத்தில் சென்னைக்குத் தெற்கே ஆங்கிலேயரின் முதன்மையான தளம் போயிற்று. மதிலுக்குள் உட்கார்ந்து எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

கெட்டது அதன் பிறகுதான். பாய்கிறவனுக்கு முதுகில் பலம் வேண்டும். லாலி தன் முதுகைத் தானே வெட்டிக்கொண்டார். பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பணம் வசூலிக்கத் தஞ்சாவூர்மேல் போனார்; வெடிமருந்து தீர்ந்து வெறுங்கையோடு திரும்பினார். ஹைதராபாத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைத் தாங்கி நின்ற புஸ்ஸியைத் திரும்ப அழைத்தார். அடுத்த ஆண்டே மசூலிப்பட்டினம் பறிபோனது. பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் ஊராரைச் சாதி பாராமல் பிடித்துக் கட்டாய வேலை வாங்கினார். சாதியாசாரம் கெட்டதாலேயே மக்கள் வெறுத்தார்கள் என்று எழுதுவது பாதி உண்மைதான். யாரைப் பிடித்து இழுக்க வைத்தாலும் அது வன்முறை. எந்த ஊருக்காகப் போரிட்டாரோ அந்த ஊரே அவரைக் கைவிட்டது. கடலிலோ தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலத் தளபதி போகாக்கிடம் அடிபட்டு மொரீஷியசுக்குப் போய்விட்டது. 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகை, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் கலைந்தது. அந்த அக்டோபரில் சம்பள பாக்கிக்காகப் பிரெஞ்சுச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றது இவற்றுக்கெல்லாம் வந்த விளைவு.

‘முதலிலிருந்தே மதிலுக்குள் இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்காதா?’ என்று கேட்கலாம். அதற்கு விடை 1760-இலேயே இருக்கிறது. வந்தவாசிக்குப் பின் லாலிக்கு மிஞ்சியது தற்காப்பு மட்டுமே. வில்லியனூர் போயிற்று, ஊரைச் சுற்றிய முள்வேலி எல்லை செப்டம்பரில் உழவர்கரைப் பக்கம் உடைந்தது. உணவு தீர்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை லாலி கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரும் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே பல நாட்கள், பெண்களும் குழந்தைகளும் புல்வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள். உள்ளே யானை, குதிரை, ஒட்டக இறைச்சிவரை வந்தது. 1761 புத்தாண்டு நாளில் புயல் வந்து ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றைக் கடலில் அமிழ்த்தியது. டூப்ளேக்குக் கிடைத்ததைவிடப் பெரிய வரம் அது. ஆனால் சில நாட்களிலேயே ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி திரண்டு கடல்வழியை அடைத்தன. ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. காலம் எதிரி பக்கம் இருக்கும்போது புயலே துணைக்கு வந்தும் தற்காப்பு காப்பாற்றவில்லை.

கடலில் துணை இருந்தால் எளியவனின் பாய்ச்சல் என்ன செய்யும் என்பதை 1783 காட்டியது. பின்னொரு போரில், கடலூரில் ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் சிக்கியிருந்த புஸ்ஸியை மீட்க, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் 15 கப்பல்களோடு ஆங்கிலத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்கள்மேல் ஜூன் 20 அன்று பாய்ந்தார். ஹியூஸ் விலகிப் போனார். சமாதானச் செய்தி வரும்வரை கடலூர் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது.

புதுச்சேரியை இழந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட லாலி 1766 மே 9 அன்று பாரிசில் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். எழுத்தாளர் வோல்த்தேர் அவருக்காக வாதாடினார். 1778-இல் அந்தத் தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. நம் பாடப்புத்தகங்களும் தங்கள் தீர்ப்பைத் திருத்த வேண்டும். வந்தவாசி என்ற ஒரு நாள் சண்டைக்குத் தரும் இடத்தில் பாதியையாவது கடலுக்கும், சம்பள பாக்கிக்கும், பீரங்கி இழுத்த ஊராருக்கும், புல்வேர் தின்ற அந்த மக்களுக்கும் தர வேண்டும்.