நூலிழையில் தொங்கிய உண்மை

அச்சரப்பாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திற்குச் செல்லும் நாம், காலடியில் கிடக்கும் கல்லைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கல்லுக்கும் நினைவு உண்டு என்கிறது அறிவியல். கடுஞ்சூட்டில் இருந்த பாறை ஆறும்போது, அதிலுள்ள காந்தக் கனிமத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. மீண்டும் கடுமையாகச் சூடேற்றினால் அப்பதிவு அழிந்துபோகும். வெப்பமும் காந்தமும் அத்துணை நெருங்கியவை.

இவ்வுறவை மனிதன் உணர்ந்த வரலாறு நீண்டது. 1269-இல் பீட்டர் பெரெக்ரீனுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், காந்தக்கல்லின் இரு முனைகளைப் பற்றி விளக்கமான மடல் ஒன்றை எழுதினார். செஞ்சூடேறிய காந்தம் தன் ஆற்றலை இழப்பதை 1600-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் பதிவு செய்தார். அவ்வெப்ப எல்லையை 1895-இல் பியேர் கியூரி நுணுகி ஆராய்ந்தார். இரும்புக்கு அது ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ்.

இவ்வரிசையில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1928-இல் சி.வி. இராமனின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பில் துணைநின்றவர். அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற அவர், காந்த ஆய்வில் இறங்கினார். அவர் கையாண்ட முறை எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப் புலத்தினிடையே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைத் திருகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டு திரும்பும். அதுவரை திருகிய அளவைக் கொண்டு, திசைக்குத் திசை காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து, படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் உய்த்துணரலாம். நம் வீட்டு அந்துருண்டையின் நாஃப்தலீனும் இவ்வாறு தன் உள்ளமைப்பை வெளிப்படுத்தியது. பின்னாளில், 1947-இல் தொடங்கிய தேசிய இயற்பியல் ஆய்வகப் பொறுப்பில் இருந்தபோது, சூடேறிய மெல்லிய கம்பிகளில் வெப்பம் பரவும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார்.

இன்றும் குவார்ட்ஸே கைகொடுக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார், குவார்ட்ஸ் குழாயை ஊசியினும் நுண்ணியதாக இழுத்து, அதன் நுனியில் மீக்கடத்தி உணரி ஒன்றை அமைத்தனர். அதன் குறுக்களவு 50 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காந்தப் புலத்தை அளக்கப் பிறந்த அந்நுனியை, 2016-இல் அவர்கள் வெப்பமானியாகவும் ஆக்கினர். ஏறத்தாழ மைனஸ் 269 பாகைக் கடுங்குளிரில், ஒரு பாகையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப மாற்றத்தையும் அது உணர்கிறது. பொருளைத் தொடாமலேயே, ஆற்றல் எங்கே வெப்பமாக விரயமாகிறது என்று காட்டிவிடுகிறது.

டாக்காவின் இழைக்கும் இந்நுனிக்கும் இடையே கருவிநுட்பத்தில் மலைக்கும் மடுவுக்குமான தொலைவு. எனினும் மெல்லியதன் முன் பொறுமையோடு காத்திருக்கும் பண்பு இரண்டிற்கும் பொது. ஓரேபு மலையில் எலியா பெருங்காற்றிலும் நெருப்பிலும் அல்ல, மெல்லிய ஒலியிலேயே ஆண்டவரை அறிந்தார். நம் பங்குப் பள்ளிகளிலோ, மதிப்பெண்ணின் பேரிரைச்சலில் இப்பொறுமை நசுங்குகிறது. செய்முறைத் தேர்வன்று மட்டுமே திறக்கும் ஆய்வக அலமாரிகளும் உள்ளன. ஓர் இழையையும் ஒரு கல்லையும் பிள்ளையின் கையில் கொடுத்து, உற்று நோக்க அவகாசமும் கொடுப்போமா? படைப்பு பேசத்தான் செய்கிறது. செவிமடுக்கக் கற்றுத்தருவது நம் கடன்.